நான்காவது ஷரத்து

அந்தப் பத்திரத்தை எழுதியது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் ஒப்புக்கொள்கிற சங்கடத்தை ஒரு தடவை பட்டாகிவிட்டது, மறுபடியும் படுவதற்கில்லை.

என் பெயர் தட்சிணாமூர்த்தி. மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசர், முப்பத்து மூன்று வருஷ சர்வீஸ், ஆர்.கே.புரத்தில் இரண்டாவது மாடியில் குவார்ட்டர்ஸ். எங்களைப் போன்ற குமாஸ்தா ஜாதிக்கு ஒரு வியாதி உண்டு. எதையும் புதிதாக எழுத மாட்டோம். முன்னால் யாராவது எழுதியிருக்கிறார்களா என்று பழைய ஃபைலைத் தேடுவோம். கிடைத்துவிட்டால் பெயரையும் தேதியையும் மாற்றிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். கல்யாணப் பத்திரிகையைக்கூட அப்படித்தான் அடிப்போம்.

நான் சொல்ல வருவது 'மேலக்குளம் பள்ளித் தோட்டக் குழு' பற்றி. மேலக்குளம் அருப்புக்கோட்டைப் பக்கம், என் சொந்த ஊர். அங்கே மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்கு விவசாயப் பாடம் உண்டு. ஆனால் வாத்தியார் ரிட்டயர் ஆகிப் போனபின் அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. பிள்ளைகள் ஒரு செடிகூட வைக்காமல் விவசாயத்தை மனப்பாடம் பண்ணிப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தார்கள். ஆறு வருஷத்துக்கு முன் ஊருக்குப் போனபோது இதைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது. டில்லிக்குத் திரும்பி வந்து நாலு பேரிடம் புலம்பினேன். புலம்பல் கமிட்டி ஆயிற்று. கமிட்டியில் ஏழு பேர், அவர்களுக்குப் பின்னால் ஆர்.கே.புரம், கிட்வாய் நகர் என்று அறுபது தமிழ்க் குடும்பங்கள்.

பஞ்சாயத்து பள்ளிக்கூடத்தை ஒட்டி ஒரு ஏக்கர் கொடுத்தது. ஊரில் வீட்டுக்கு ஒரு கூடை எரு, வருஷத்துக்கு ஒரு நாள் உடம்புழைப்பு. விதையும் சொட்டுநீர்க் குழாயும், நாங்களே புதிதாக அமர்த்திய வாத்தியார் அய்யாசாமியின் சம்பளமும் எங்கள் பொறுப்பு. விளைந்ததில் ஒரு பங்கு தை மாதம் குதிரைவாலியாகவும் மிளகாய் வற்றலாகவும் ரயிலேறி எங்களுக்கு வரும். "நம்ம பசங்க விளைவிச்சது" என்று ஆளாளுக்கு போட்டோ எடுத்து வாட்ஸப்பில் போடுவார்கள். சமைக்கத் தெரியாமல் பாதி வீட்டில் அந்தக் குதிரைவாலியில் வண்டு வைத்தது வேறு விஷயம்.

அந்தத் தோட்டத்தில் படித்த மஞ்சு அகில இந்திய நுழைவுத் தேர்வு எழுதி, ஹரியானாவில் ஒரு விவசாயப் பல்கலைக்கழகத்தில் இடம் வாங்கிவிட்டாள். பதினேழு வயசு. எங்கள் கமிட்டியில் எல்லோருக்கும் தலைகால் புரியவில்லை. நாலு வருஷப் படிப்பு, விடுதி, சாப்பாடு, புத்தகம் எல்லாவற்றையும் குழுவே பார்த்துக்கொள்ளும் என்று கையைத் தட்டித் தீர்மானம் போட்டோம்.

அப்போதுதான் எங்கள் தலைவர் ராமச்சந்திரன் கையைத் தூக்கினார். அண்டர் செக்ரட்டரியாக ரிட்டயர் ஆனவர், பாபநாசத்துக்காரர், ஜனக்புரியில் சொந்த வீடு.

"எல்லாம் அச்சாதான். ஆனா படிச்சு முடிச்சுட்டு பெங்களூர், அமெரிக்கான்னு ஓடிடுத்துன்னா? நாம பண்றது கிராமத்துக்காக. ஒரு கண்டிஷன் போட்டுடணும் ஓய். மூர்த்தி, நீங்க டிராஃப்ட் பண்ணிடுங்கோ."

நான் செயலாளர். அரை மணி நேரத்தில் முடித்துவிட்டேன். எங்கள் அலுவலகத்தில் படிப்பு விடுப்பில் போகிறவர்களிடம் எழுதி வாங்குகிற பத்திரம் ஒன்று உண்டு, படித்துவிட்டுத் திரும்பி வந்து இத்தனை வருஷம் வேலை செய்வேன் என்று. அதை எடுத்தேன். 'அரசு ஊழியர்' என்ற இடத்தில் 'மாணவி'. 'அலுவலகம்' என்ற இடத்தில் 'கிராமம்'. நான்காவது ஷரத்து இப்படி வந்தது: படிப்பு முடிந்த தேதியிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் மாணவி தன் சொந்தக் கிராமத்தில் தங்கி விவசாயம் செய்ய வேண்டும். மீறினால் என்ன என்று இல்லாவிட்டால் அது பத்திரமே இல்லை, வாழ்த்து மடல். அதனால் ஐந்தாவது ஷரத்தை என் சொந்த மூளையிலிருந்து சேர்த்தேன். மீறும் பட்சத்தில் பள்ளித் தோட்டத்துக்குக் குழு அளித்து வரும் ஆதரவு உடனடியாக நிறுத்தப்படும்.

"பக்கா!" என்றார் ராமச்சந்திரன். மினிட்ஸில் ஏறிவிட்டது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை மஞ்சுவும் அய்யாசாமி வாத்தியாரும் வந்து இறங்கினார்கள். ஞாயிறு காலை பத்து மணிக்குக் கமிட்டி முன்னால் கையெழுத்து, செவ்வாய்க்கிழமை பல்கலைக்கழகத்தில் சேர்க்கை. வாத்தியார் முனிர்காவில் ஊர்க்காரப் பையன்கள் எடுத்திருக்கும் அறையில் தங்கினார். மஞ்சு எங்கள் வீட்டில்.

என் மனைவி பட்டு அவளைத் தாங்கு தாங்கென்று தாங்கினாள். தாங்கினாளே ஒழிய வாசல்படியைத் தாண்ட விடவில்லை. "ஹிந்தி தெரியாத பொண்ணு, ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?" என்று கதவை உள்ளே தாழ் போட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். மழை முடிந்தும் முடியாத புழுக்கம். கூலர் கத்திய கத்தலில் வீட்டில் யாரும் யாரோடும் பேச முடியவில்லை. மஞ்சு பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பூங்காவைப் பார்த்தபடி நின்றாள்.

சனிக்கிழமை காலை என் மகள் அபூர்வாவிடம் ஏதோ சொன்னாள். அபூர்வா டில்லியிலேயே பிறந்தவள், குர்காவ்னில் ஐடி வேலை, தமிழ் அரைகுறை.

"அப்பா, மஞ்சு என்ன சொல்றான்னா... கீழ பார்க்ல அந்த மாலி பையா, தோட்டக்காரர், செடி தப்பா வைக்கிறாராம். வேர் மடங்குதாம். போய்ச் சொல்லணுமாம்."

"ஒண்ணும் வேணாம். அவன் சர்க்கார் ஆளு, கேக்க மாட்டான்," என்றேன்.

மஞ்சு மறுபடி கம்பியிடம் போய் நின்றுகொண்டாள்.

அன்று சாயங்காலம் பட்டு கறிகாய் வாங்கக் கீழே போயிருந்தபோது, மஞ்சு ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். பத்திரத்தின் நகல். ரயிலில் வாத்தியார் கொடுத்திருக்கிறார்.

"சார், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளும்மா."

"நாலாவதுல, சொந்த ஊர்ல விவசாயம் செய்யணும்னு போட்ருக்கு. எதுல சார் செய்றது?"

"எதுலன்னா?"

"எங்களுக்கு நெலம் இல்லையே சார். நாங்க குடியிருக்கிற வீடே பொறம்போக்குல இருக்கு."

ஆறு வருஷமாக நானும் என் கமிட்டியும் 'விவசாயி வீட்டுப் பிள்ளைகள்' என்று பேசிக்கொண்டிருக்கிறோம், நோட்டீஸ் அடிக்கிறோம். விவசாயம் படிக்கிற பிள்ளைக்கு நிலம் இருக்குமா என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை. எங்கள் ஏழு பேர் வீட்டிலும் நிலம் இருந்தது. அதனால் கிராமம் என்றால் எல்லோருக்கும் கொஞ்சமாவது இருக்கும் என்று எங்கள் நினைப்பு. இத்தனைக்கும் இவள் அம்மா வீராயியை அவள் சின்னப் பெண்ணாக இருந்ததிலிருந்தே எனக்குத் தெரியும். எங்கள் வயலில் களை பறித்தவர்கள் வீடு அது. தெரிந்து என்ன பிரயோஜனம்?

"அஞ்சு வருசம் ஊர்ல இருன்னா, நானும் எங்கம்மா கூடக் களை வெட்டத்தான் சார் போகணும். அதுக்கு எதுக்கு நாலு வருசம் படிக்கணும்?"

"சரி, படிச்சிட்டு என்ன பண்ணணும்னு இருக்கே?"

"மண்ணு பரிசோதனை பண்ற எடத்துல வேலைக்குப் போகணும் சார். எந்த ஊர்ல கெடைச்சாலும் போவேன்." அதைச் சொல்லும்போதுதான் டில்லிக்கு வந்தபின் முதல் தடவையாக அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. உடனே மறுபடி சுருங்கிக்கொண்டது. "அஞ்சாவதுல போட்ருக்கே சார். நான் ஊருக்குத் திரும்பலைன்னா தோட்டத்த நிறுத்திருவீகளா?"

"அது சும்மா ஃபார்மாலிட்டி."

"சும்மான்னா எதுக்கு சார் எழுதணும்?"

முப்பத்து மூன்று வருஷத்தில் என்னை யாரும் இப்படிக் கேட்டதில்லை. "நாளைக்கு மீட்டிங்ல பேசிக்கலாம்," என்றேன். அது எங்கள் ஆபீசில் 'நடக்காது' என்பதற்கு வழங்கும் மரியாதையான சொல். அவளுக்கு அது தெரியாது. தலையாட்டிவிட்டுப் போனாள்.

அவளிடம் நான் சொல்லாத ஒன்று இருந்தது. ஊர் நிலத்தை விற்கப்போகிறேன் என்பது. கமிட்டியிலும் யாருக்கும் சொல்லவில்லை. மேலக்குளத்தில் கண்மாய்க் கரைக்குக் கிழக்கே எனக்கு மூன்று ஏக்கர் இருந்தது, அப்பா வழி வந்தது. பதினைந்து வருஷமாகத் தரிசு, முழுக்கச் சீமைக் கருவேலம். வருகிற மார்ச்சில் எனக்கு ரிட்டயர்மென்ட். குவார்ட்டர்ஸைக் காலி பண்ண வேண்டும். போக்கிடம் இல்லை. துவாரகாவில் இரண்டு படுக்கையறை ஃபிளாட் ஒன்றுக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது, மிச்சத்துக்கு அந்த நிலம்தான். சோலார் கம்பெனிக்காரன் ஒருவனுடன் புரோக்கர் மூலம் பேசி, அளந்து, ஒப்பந்தம் எழுதிவிட்டேன். அடுத்த மாதம் பத்திரப் பதிவு. கமிட்டியில் ஏன் சொல்லவில்லை என்றால், ஒவ்வொரு ஆண்டு விழாவிலும் மைக்கைப் பிடித்து "மண்ணை விட்டுடக் கூடாது" என்று முழங்குகிறவன் நான்தான். சொன்னால் மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது?

விற்காமல் இருக்கவும் முடியாது. பட்டு அந்த ஃபிளாட்டின் சமையலறைக்கு டைல்ஸ்கூடப் பார்த்துவிட்டாள். முப்பது வருஷம் சர்க்கார் சுவரில் ஓர் ஆணி அடிக்கக்கூட அனுமதி கேட்டு வாழ்ந்தவள்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு எங்கள் செக்டர் சமுதாயக் கூடத்தின் சின்ன அறையில் கூடினோம். ஏழு பேரும் வந்துவிட்டார்கள். இட்லி, சட்னி, பிளாஸ்கில் காபி. மஞ்சுவை நடு நாற்காலியில் உட்காரவைத்து ராமச்சந்திரன் சால்வை போர்த்தினார். அந்தப் புழுக்கத்தில் சால்வை. அவள் அதை எடுக்கத் தெரியாமல் அப்படியே வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அய்யாசாமி வாத்தியார்.

பேச்செல்லாம் முடிந்தது. பத்திரத்தையும் பேனாவையும் அவள் முன்னால் வைத்தார்கள்.

"சார், எங்களுக்கு நெலம் இல்ல," என்றாள் மஞ்சு. சத்தம் வரவில்லை. இன்னொரு தடவை சொன்னாள். "நாலாவதுல இருக்கிறத நான் எப்பிடிச் செய்றதுன்னு தெரியல."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். நிலம் இல்லையா, குத்தகைக்கு எடுக்கலாமே, யாராவது கொடுப்பார்களே என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். நான் பேச வாயைத் திறந்தேன். அந்த ஷரத்தை எடுத்துவிடலாம் என்று சொல்லத்தான் திறந்தேன், சத்தியமாக. அதற்குள் ராமச்சந்திரன் மேஜையைத் தட்டினார்.

"அட, நம்ம மூர்த்தி நிலம் அங்கதானே இருக்கு! எத்தனை ஏக்கர் ஓய், மூணா? சும்மாதானே கிடக்கு? அஞ்சு வருஷத்துக்கு அவகிட்ட குடுத்துடுங்கோ. படிச்சுட்டு வந்து அதுல பண்ணட்டும். பிராப்ளம் சால்வ்டு!"

அறையே கைதட்டிற்று. ஒருவர் எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "மினிட்ஸ்ல போட்டுக்கோங்கோ" என்று ராமச்சந்திரன் நோட்டை என் பக்கம் தள்ளினார். என் நிலத்தை நானே தீர்மானமாக எழுத வேண்டும். பேனா என் கையில் இருந்தது. மஞ்சு தலையைக் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுல... பங்காளி வழக்கு ஒண்ணு ஓடிக்கிட்டிருக்கு சார்," என்றேன்.

"அடடா" என்றார்கள். அந்த அடடாவில் உண்மையான பரிதாபம் இருந்தது. எல்லோர் வீட்டிலும் ஒரு பங்காளி வழக்கு இருந்திருக்கிறது, யாரும் மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்கவில்லை. இவ்வளவு சுலபமாகத் தப்பித்துவிட முடியும் என்று நானே எதிர்பார்க்கவில்லை.

"பரவாயில்ல, நாலு வருஷம் இருக்கே. அதுக்குள்ள ஏதாவது வழி பிறக்கும். இப்ப சைன் பண்ணிடட்டும், ஜல்தி, காபி ஆறிண்டிருக்கு," என்றார் ராமச்சந்திரன்.

மஞ்சு வாத்தியாரைப் பார்த்தாள். வாத்தியார் தன் செருப்பைப் பார்த்தார். அவரைக் குறை சொல்லி என்ன? அவர் வீட்டில் அடுப்பெரிவது எங்கள் கமிட்டியால். அவரும் அந்த ஐந்தாவது ஷரத்துக்குள்தான் இருந்தார். தோட்டத்தில் படிக்கிற நாற்பது பிள்ளைகளும் அதற்குள்தான் இருந்தார்கள். ஒரே ஒரு வரியில் இத்தனை பேரை அடைத்துப் பூட்டியிருக்கிறேன். என் சர்வீசிலேயே திறமையான டிராஃப்ட் அதுதான்.

"அஞ்சு நிமிசம் வெளிய போய்ட்டு வரட்டுமா சார்?" என்று கேட்டுவிட்டு அவள் எழுந்து போனாள். அவளைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்கிறவன் என்ற முறையில் நானும் பின்னாலேயே போனேன்.

மாடிப்படித் திருப்பத்தில் சால்வையைக் கழற்றிக் கைப்பிடிச் சுவரில் போட்டுவிட்டு நின்றுகொண்டிருந்தாள்.

"வழக்கு ஒண்ணும் இல்லைல்ல சார்?" என்றாள்.

நான் அந்தச் சால்வையை எடுத்து மடிக்க ஆரம்பித்தேன்.

"போன மாசம் உங்க வயல அளக்க வந்தாகள்ல, அன்னைக்கு முள்ள வெட்டி வழி விட்டது எங்கம்மாதான். சங்கிலி புடிச்சதும் அவகதான். விக்கிறாகன்னு ஊருக்கே தெரியும்."

"உள்ள ஏம்மா சொல்லல?"

"எப்பிடி சார் சொல்றது? தோட்டத்துக்கு வெத நீங்கதான அனுப்புறீக."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கோபித்துக்கொண்டு தப்பித்திருப்பேன். மழை பெய்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஐம்பத்தொன்பது வயசில், பேன்ட் பையில் குவார்ட்டர்ஸ் சாவியோடு, ஒரு சின்னப் பெண் முன்னால் அப்படி வெட்கப்பட்டு நின்றேன். இவள் என் பொய்யைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறாள். அதற்குக் கூலியாக உள்ளே போய் ஐந்து வருஷத்தைக் கையெழுத்திட்டுத் தரப்போகிறாள்.

"நெலம் உங்களுது. வித்துக்கங்க சார், அதுல நான் என்ன சொல்ல முடியும்? எனக்கு நெலம் வேண்டாம். எனக்கு நெலம் இல்லைங்கறத மட்டும் அந்தப் பேப்பர்ல எழுதிக் குடுங்க. இல்லாதத வச்சு விவசாயம் செய்றேன்னு நான் எப்பிடிக் கையெழுத்துப் போடுறது?"

"வா," என்றேன்.

உள்ளே காபி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் பேச மாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

"வழக்கு எதுவும் இல்ல சார். பொய் சொன்னேன். நிலத்தை வித்துட்டேன், அடுத்த மாசம் ரெஜிஸ்ட்ரேஷன். துவாரகால ஃபிளாட் வாங்குறோம்."

ராமச்சந்திரன் டம்ளரைக் கீழே வைத்தார். "என்ன ஓய் சொல்றீர்? நீரா? வருஷா வருஷம் மைக்ல..."

"ஆமா சார், நான்தான். நீங்க பாபநாசத்துல வித்து ஜனக்புரில வாங்கினீங்க. நான் இப்ப விக்கிறேன். அது தப்புன்னு நான் சொல்லல. நாலாவது ஷரத்தும் அஞ்சாவது ஷரத்தும் தப்பு. எழுதினவன் நான், நானே சொல்றேன். அதை எடுத்துடணும்."

"அப்ரூவ் ஆகி மினிட்ஸ்ல ஏறினது. நினைச்சா எடுக்கறதுக்கு இது என்ன உங்க வீட்டு மளிகை லிஸ்டா?"

"சரி சார், எடுக்க வேண்டாம்." அந்தக் காகிதத்தை எடுத்து மஞ்சுவின் பெயர் இருந்த இடத்தில் விரலை வைத்தேன். "இந்த எடத்துல நம்ம ஏழு பேர்ல யாராவது பேரைப் போட்டுக்கங்க. ஊருக்குத் திரும்பிப் போய் அஞ்சு வருஷம் இருப்பேன்னு ஒருத்தர் கையெழுத்துப் போட்டா, இந்தப் பொண்ணையும் போடச் சொல்றேன். நம்மளுக்காவது உக்காந்து சாப்பிட பென்ஷன் இருக்கு."

"இந்த வயசுல போய் நாங்க என்ன பண்றது?" என்றார் ஒருவர், சிரித்துக்கொண்டே.

"பதினேழு வயசுல கேட்டிருந்தா போட்டிருப்பீங்களா?"

சிரித்தவர் நிறுத்திவிட்டார். பேனா மேஜை மேல் கிடந்தது. ஒருத்தரும் தொடவில்லை. எதிரே இருந்தவர் இட்லித் தட்டை நகர்த்தி நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தார். எல்லோரையும் கேவலப்படுத்திவிட்டோமே என்று ஒரு பக்கம் பயம், கேவலப்படட்டுமே என்று இன்னொரு பக்கம் ஆங்காரம்.

ராமச்சந்திரன் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். பிறகு பேனாவை எடுத்து நான்காவது ஷரத்தின் மேல் ஒரு கோடு இழுத்தார். கொஞ்சம் யோசித்து ஐந்தாவதின் மேலும் இழுத்தார். ஓரத்தில் இனிஷியல் போட்டுக் காகிதத்தைப் பக்கத்திலிருந்தவரிடம் தள்ளினார். ஒவ்வொருவராக இனிஷியல் போட்டார்கள். நிமிர்ந்து பார்க்காமல் போட்டார்கள்.

"மூர்த்தி, செக்ரட்டரி பொறுப்பை வேற யாரானும் பாத்துக்கட்டும்," என்றார் ராமச்சந்திரன், என்னைப் பார்க்காமலே.

"சரி சார்," என்றேன். வலித்தது. இல்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய்.

மஞ்சு கையெழுத்துப் போட்டாள். இப்போது அதில் மிச்சம் இருந்ததெல்லாம் ஒழுங்காகப் படிக்க வேண்டும், வருஷத்துக்கு ஒரு தடவை மார்க் பட்டியல் அனுப்ப வேண்டும் என்பதுதான். அய்யாசாமி வாத்தியார் அவள் கையிலிருந்து பேனாவை வாங்கிச் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகுதான் காபியை எடுத்துக் குடித்தார்.

வாத்தியாரை முனிர்கா பஸ்ஸில் ஏற்றிவிட்டு நானும் மஞ்சுவும் செக்டர் பாதையில் நடந்தோம். இனி வீட்டுக்குப் போய்ப் பட்டுவிடம் கமிட்டியில் எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட்டதைச் சொல்ல வேண்டும். எப்படி ஆரம்பிப்பது என்று எனக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே நடந்தேன். மஞ்சு கொஞ்சம் தள்ளி வந்துகொண்டிருந்தாள். திடீரென்று கிட்டே வந்தாள்.

"சார், உங்க வயல வாங்குறவககிட்ட ஒண்ணு சொல்லிருங்க."

"என்னம்மா?"

"போன வருசம் பிராக்டிகலுக்கு ஊரச் சுத்தி நாப்பது எடத்துல மண்ணு எடுத்தோம். உங்க வயல்லயும் எடுத்தோம், நான்தான் முள்ளுக்குள்ள தவழ்ந்து போய் எடுத்தேன். உங்களக் கேக்கல, தப்பா நெனைச்சுக்காதீக." மூச்சு விடாமல் சொன்னாள். "நாப்பதுல உப்பு ஏறாத மண்ணு அது ஒண்ணுதான் சார். கருவேலத்த வேரோட எடுத்துட்டு மொத வருசம் கொத்தமல்லி போடச் சொல்லுங்க. அடுத்த வருசம் என்ன போட்டாலும் வரும்."

என் அப்பா இறந்தபின் அந்த வயலைப் பற்றி யாரும் இவ்வளவு நல்ல வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. சரி, சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு நடந்திருக்கலாம். அவளுக்கும் சந்தோஷமாக இருந்திருக்கும்.

"அங்க எதுவும் வெதைக்கப் போறதில்லம்மா," என்றேன். "சோலார் கம்பெனி வாங்குது. கம்பி நட்டு பேனல் வைக்கப் போறாங்க."

மஞ்சு நின்றுவிட்டாள்.

"மூணு ஏக்கருமா சார்?"

"மூணும்."

ஒரு பேட்டரி ரிக்‌ஷா ஹாரன் அடித்துக்கொண்டே எங்களைச் சுற்றிக்கொண்டு போயிற்று. கொஞ்ச நேரம் கழித்து, வீட்டுக்கு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று மட்டும் கேட்டாள்.